ஒளியால் எழுதிய ஹஜ் பயணம்

கலைகள் அறுபத்து நான்கு என எண்ணி வகுத்தனர் முன்னோர். அவ்வெண்ணிக்கை முடிந்து பன்னூறு ஆண்டுகள் கழிந்த பின்னர்ப் பிறந்த கலை ஒன்று, இன்று அறுபத்து நான்கையும் பின்தள்ளிவிட்டு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குடியேறியிருக்கிறது. அதுவே ஒளிப்படக் கலை.

இதற்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது மக்கள் வழக்கு. அக்காலத்தில் வெளிச்சத்துக்காகப் பொடி கொளுத்தியபோது எழுந்த புகையால் இப்பெயர் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் படம் உருவாவதில் புகைக்கு யாதொரு பங்கும் இல்லை. நிழற்படம் என்பது இரண்டாவது பெயர். அதனைப் பின்னர் ஒரு காரணம் பற்றித் தேடி வருவோம். ஒளிப்படம் என்பதே நமக்கு உவப்பானது. 1839இல் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல், ஒளி என்றும் எழுதுதல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘ஃபோட்டோகிராஃபி’ என்னும் சொல்லை அறிவுலகில் வழக்குக்குக் கொணர்ந்தார். ஒளியால் எழுதுதல்! எழுத்தைத் தொழுதுவரும் தமிழ்த்துறையினராகிய நமக்கு இக்கலையோடு உறவு கொண்டாட இச்சொல் ஒன்றே போதும்.

ஆயினும் உறவு கொண்டாடுவது அத்துணை எளிதாக இல்லை. நம் சமுதாயத்தார் நடத்தும் கல்வி நிலையங்களில் ஒளிப்பட மன்றம் ஒன்று தொடங்கலாமா என்னும் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தடைகள் எழுகின்றன. “விசையை அழுத்தினால் படம் விழுகிறது, இதில் கலை எங்கே இருக்கிறது?” என்பது ஒன்று. இதனை எழுப்புவோர் பெரும்பாலும் நம்மையொத்த ஆசிரியர்களே. “மார்க்கம் இதனை ஒப்புமா?” என்பது மற்றொன்று. இதனை எழுப்புவோர் பெரியவர்கள். முன்னதைப் புறந்தள்ளலாம், பின்னதைப் புறந்தள்ளலாகாது. இரண்டுக்கும் ஒருங்கே விடை கூறத்தக்க ஒரு மனிதரின் பயணத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

அவர் பெயர் முஹம்மது சாதிக் பே. ‘பே’ என்பது உதுமானியர் ஆட்சியில் உயர்நிலை அலுவலர்க்கு வழங்கப்பட்ட பட்டம். எகிப்தியப் படையின் பொறியாளர். நிலம் அளப்பதும் வரைபடம் வரைவதும் அவர் தொழில். 1861இல் செங்கடற்கரையிலுள்ள அல்-வஜ்ஹு துறைமுகத்திலிருந்து திருமதீனா வரையுள்ள வழியை அளந்து வருமாறு அவர் அனுப்பப்பட்டார். அளவுக் கருவிகளோடு ஒரு கேமராவையும் ஒட்டகத்தில் ஏற்றிச் சென்றார். அப்பயணத்தில் அவர் எடுத்தவையே மதீனா நகரின் முதல் ஒளிப்படங்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலும், அதன் குவிமாடமும், மினாராக்களும் ஒளியால் எழுதப்பெற்றது அப்போதுதான். அதற்கு எட்டாண்டுகள் முன்னர், 1853இல், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் மாறுவேடம் பூண்டு ஹிஜாஸுக்குள் புகுந்து, கண்டவற்றை மறைவாகக் குறித்துக்கொண்டு திரும்பினார். உலகம் அவரைப் போற்றிப் புகழ்ந்தது. வேடம் எதுவும் வேண்டாமல், அந்த மண்ணுக்கு உரிமையுடைய ஒரு முஸ்லிமாக நின்று படம் எடுத்த சாதிக் பேயின் பெயரோ நம் மாணவர்களுள் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கவில்லை என்பதை வகுப்பறைகளில் கேட்டுப் பார்த்தே எழுதுகிறோம்.

விசையை அழுத்தினால் படம் விழும் என்று எண்ணுவோர் அவர் கையாண்ட முறையைச் சற்றே அறிதல் நலம். அது 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பார் வெளியிட்ட ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகடு ஒன்றைத் துடைத்துத் தூய்மையாக்கி, கொலோடியன் என்னும் பசைநீரை அதன்மீது ஊற்றி, நான்கு மூலைக்கும் பரவுமாறு கையாலேயே சாய்த்துச் சாய்த்துப் பரப்ப வேண்டும். பின்னர் இருட்டில் வைத்து வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். அப்போதுதான் தகடு ஒளியை உணரும் ஆற்றல் பெறும். அந்த ஈரம் உலருமுன் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, உலருமுன்னரே மீண்டும் இருட்டுக்குக் கொண்டுசென்று உருத்துலக்கிக் கழுவிவிட வேண்டும். தகடு உலர்ந்துவிட்டால் எல்லாம் வீண். குளிர்நாட்டிலேயே இதற்குக் கிடைப்பது ஏறத்தாழப் பத்துப் பதினைந்து நிமிடங்கள். கொலோடியனில் கலந்துள்ள ஈதரோ வெப்பத்தில் கண்ணெதிரே ஆவியாகும் இயல்பினது. அரபு மண்ணின் வெயிலில், தூசியும் காற்றும் சூழ, குடிக்கும் நீரே அரிதாகிய வழியில், கழுவுவதற்கும் நீர் தேடி, இருட்டுக்கென ஒரு மறைப்பும் அமைத்து, இதனைச் செய்து முடிக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கும் வசதியும் அன்று இல்லை. முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டியே படியெடுத்தனர். ஆதலால் எத்துணைப் பெரிய படம் வேண்டுமோ அத்துணைப் பெரிய கண்ணாடியை உடையாமல் சுமந்து செல்ல வேண்டும்.

1880இல் அவர் மீண்டும் புறப்பட்டார். அந்நாளில் கஅபாவைப் போர்த்தும் கிஸ்வா கெய்ரோவில் நெய்யப்பட்டு, மஹ்மில் ஊர்வலத்தோடு திருமக்காவுக்கு அனுப்பப்படும். அந்தக் குழுவின் பொருளாளராக அவர் சென்றார். ஹஜ் கடமையும் அலுவற்கடமையும் ஒருசேர அமைந்த அப்பயணத்தில் மஸ்ஜிதுல் ஹராமையும் மினாவையும் அரஃபாத்தையும் படமாக்கினார். கஅபாவின் திறவுகோலைக் காத்துவரும் ஷைபீ குடும்பத்துப் பெரியவரின் உருவப்படம் ஒன்றும் அவற்றுள் உண்டு. மறுவருடம், 1881இல், வெனிஸ் நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் புவியியல் மாநாட்டையொட்டி அவர் படங்களுக்குப் பொற்பதக்கம் வழங்கப்பட்டது. பதக்கம் கிடைத்ததால் அவரைக் கலைஞர் என்கிறோம் அல்லோம். அவர் படங்களைப் பார்த்தே அவ்வாறு கூறுகிறோம்.

கஅபாவைச் சுற்றித் தொழுவோர் இடம்பெறும் அவர் படம் ஒன்றுண்டு. அதனைக் காணும்போது ஒரு செய்தியை நினைவில் கொள்ளல் வேண்டும். ஈரத்தகடு மெதுவாகவே ஒளியை ஏற்கும். சில நொடிகளேனும் அதற்கு வேண்டும். அதற்குள் நடப்பவர் மங்கிப் புகைபோலாவர், அல்லது முற்றிலும் மறைந்தே போவர். நிற்பவர் மட்டுமே நிலைபெறுவர். தவாஃப் சுற்றும் மக்கள்வெள்ளத்தை அந்தக் கருவியால் பிடிக்க இயலாது. தொழுகைக்கென அணிவகுத்து அசையாது நின்ற பொழுதே அதற்கு உகந்தது. கருவியின் குறையை உணர்ந்து, அக்குறைக்குள்ளேயே நின்று, உயர்ந்த இடம் தேடி, உரிய கணத்துக்குக் காத்திருப்பதைக் கலை எனாமல் வேறு எவ்வாறு அழைப்பது? வெண்பாவின் தளை கட்டுப்பாடே. ஆயினும் அத்தளையை நாம் கலைக்குப் பகை என்று சொல்வதில்லை.

இனி, அடிப்படைகளைச் சிறிது காண்போம். இவற்றைத் தொடங்கி வைத்தவர் யார் என்னும் வினாவுக்கு விடை கூற நாம் பாரிசுக்கோ இலண்டனுக்கோ செல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் தோன்றி, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என நிறுவினார். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே இருண்ட இடத்தில் விழும் பிறைவடிவத்தை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். இருட்டறை, ஒரு துளை, எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும் உருவம்: கேமரா என்பது இன்றும் இவ்வளவே. மற்றவை எல்லாம் பின்னர் வந்து சேர்ந்த வசதிகள்.

அத்துளையின் அளவும், அது திறந்திருக்கும் நேரமும், ஒளியை ஏற்கும் தளத்தின் உணர்திறனும் ஆகிய மூன்றே ஒளிப்படக்காரரின் இலக்கணம். துளையை 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்களால் குறிப்பர். எண் பெருகப் பெருகத் துளை சுருங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். துளை விரிந்தால் நாம் குறிவைத்த முகம் மட்டும் தெளிந்து பின்புலம் மங்கும். சுருங்கினால் அருகும் தொலைவும் ஒருங்கே தெளியும். நேரத்தைக் குறைத்தால் பறக்கும் புறா வானில் நிற்கும். கூட்டினால் ஓடும் நீர் பட்டுத்துணியாகும். அளவுமானி இல்லாத பழைய ஒளிப்படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு கணக்கு உண்டு. நல்ல வெயிலில் துளையை 16இல் வைத்து, ஃபிலிமின் உணர்திறன் 100 என்றால் நொடியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, அதாவது கருவியில் 125 என்று குறித்த இடத்தில் வைத்தால் படம் தவறாது. ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம். யாப்பிலக்கணத்தையும் ஒரு மாதத்தில் கற்றுவிடலாம், கற்றவரெல்லாம் கவிஞராகிவிடுவதில்லை.

இலக்கணத்துக்கு அப்பால் உள்ளதை விளக்கத் தொல்காப்பியரே நமக்குத் துணை. அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தார். முதற்பொருள் நிலமும் பொழுதும். எங்கே, எப்போது என்னும் இரண்டும் இன்றிக் கவிதை இல்லை என்பது அவர் துணிபு. ஒளிப்படமோ அவ்விரண்டையன்றி வேறொன்றும் கைக்கொண்டு தொடங்க இயலாத கலை. ஓவியர் நேற்றைய மாலையை இன்று காலையில் வரையலாம், ஒளிப்படக்காரரால் இயலாது. நண்பகலைப் பாலைக்கு உரிய பொழுதாக வைத்தது ஏன் என்று வினவும் மாணவரை ஒரு கேமராவோடு உச்சிவெயிலில் நிறுத்துக. தலைக்கு மேலிருந்து விழும் ஒளியில் கண்குழிகள் கறுத்து, முகத்தின் கனிவு முழுதும் வறண்டிருக்கக் காண்பார். நெய்தலுக்கு எற்பாட்டைக் கொடுத்தது ஏன் என்பதையும், சாய்ந்த கதிரில் மணலின் ஒவ்வோர் அலையும் நிழல் கொண்டு எழுவதைக் கண்டால் தாமே உணர்வார். கருப்பொருள்களுள் எதனைச் சட்டத்துக்குள் விடுவது, எதனைத் தள்ளுவது என்பது அடுத்த நிலை. குறுந்தொகைப் பாடல்கள் நான்கடி முதல் எட்டடிக்குள் அடங்குவன. அவற்றின் ஆற்றல் பெரிதும் சொல்லாது விட்டவற்றில் உள்ளது. நான்கு பக்கமும் கோடிட்ட ஒரு கட்டத்துக்குள் உலகைக் காணும் ஒளிப்படக்காரருக்கும் விலக்குவதே முதற்பணி. புதிதாகக் கற்போர் எல்லாவற்றையும் உள்ளே திணிக்க முயல்வதும், தேர்வு எழுதும் மாணவர் தெரிந்ததையெல்லாம் எழுதுவதும் ஒன்றே. உரிப்பொருளைப் பற்றிக் கற்பிக்க முடியாது. அதனைப் பற்றி எழுதவும் நமக்குத் துணிவில்லை.

இவ்விடத்தில் மற்றொருவரையும் நினைவுகூர்தல் கடமை. திருமக்காவைச் சேர்ந்த மருத்துவர் ஸையிது அப்துல் கஃப்பார். அந்நகரைச் சேர்ந்தவர்களுள் முதன்முதல் ஒளிப்படக்காரராக அறியப்படுபவர் இவரே. 1885இல் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்னும் டச்சு அறிஞர் மக்காவில் சில மாதங்கள் தங்கி, இவருக்கு இக்கலையைப் பயிற்றுவித்தார். அவ்வாண்டே அவ்வறிஞர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட, மருத்துவர் தொடர்ந்து படங்கள் எடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1889இல் அப்படங்கள் நூலாக வெளிவந்தபோது, எடுத்தவர் மக்காவின் ஒரு மருத்துவர் என்ற அளவிலேயே குறிக்கப்பட்டது, பெயர் இல்லை. மூலப்படங்கள் சிலவற்றில் அவர் அரபியில் இட்டிருந்த கையொப்பமும் அச்சில் நீக்கப்பட்டிருந்தது. பிற்கால ஆய்வாளர்களே அவர் பெயரை மீட்டனர். பிறர் பாடலைத் தம் பாடலாக அரங்கேற்றுவாரை இலக்கிய உலகம் எப்பெயரால் அழைக்கும் என்பதைத் தமிழ் படித்தோர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கைபேசியில் வந்த படத்தை எடுத்தவர் யாரெனக் கேளாமல் மலரிலும் சுவரொட்டியிலும் அச்சிடும் நம் வழக்கமும் அதன் இளைய உடன்பிறப்பே.

இனி மார்க்கம் பற்றிய தடைக்கு வருவோம். தீர்ப்பு வழங்குவது உலமாப் பெருமக்களின் பணி, நமது பணியன்று. ஆயினும் அப்பெருமக்களே இதில் ஒருமுகமாய் நின்றதில்லை என்பதை எடுத்துக்கூறுவதில் பிழையில்லை. உருவம் சமைப்பது குறித்த எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் வந்துள்ளன. அவற்றைக் கொண்டு ஒளிப்படத்தையும் தடுத்த அறிஞர் உளர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்-முதீஈ அவர்களோ, ஒளிப்படம் என்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று. இறைவன் படைத்த உருவின் நிழலை நிறுத்திவைப்பதே என விளக்கி, அதனை ஆகுமானதாகக் கொண்டார். கண்ணாடியில் தெரியும் உருவத்தை எவரும் தடுத்ததில்லை; அது நில்லாமல் போவதும் இது நிற்பதுமே வேறுபாடு என்பது அவ்வாதத்தின் போக்கு. நிழற்படம் என்னும் தமிழ்ச்சொல்லைத் தேடி வருவோம் என்றது இதற்காகவே. தமிழர் எவ்வெண்ணத்தில் அச்சொல்லை ஆக்கினரோ அறியோம். கெய்ரோவின் முஃப்தி எடுத்துரைத்த வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

நடைமுறையோ வாதங்களுக்குக் காத்திருக்கவில்லை. நம் ஊர்களில் மூத்த பெண்மணிகள் பலருக்கு ஹஜ்ஜுக்கான கடவுச்சீட்டுக்கென எடுத்த படமே முதற்படம். சிலருக்கு அதுவே ஒரே படமும் ஆயிற்று. அஞ்சிய விழிகளோடு, முக்காட்டைத் திருத்தியபடி, வெள்ளைத் திரைக்கு முன் அமர்ந்த அந்த உம்மும்மாக்கள் மறைந்த பின்னர், பேரப்பிள்ளைகள் தேடி எடுத்துப் பெரிதாக்கி வைத்துக்கொள்வது அந்தச் சிறுபடத்தையே. வீட்டில் அவர் சிரித்த சிரிப்பு எங்கும் பதிவாகவில்லை. இதற்காக யாரையும் குறைகூற நாம் முற்படவில்லை. தம் முகம் அயலார் பார்வைக்குச் செல்லலாகாது என்று அவர்கள் விரும்பினர், அவ்விருப்பம் மதிக்கப்பட்டது. இன்று அந்த மதிப்பு எங்கே போயிற்று என்பதே நம் கவலை.

திருமண வீட்டில் பெண்கள் பகுதியிலும், மருத்துவமனைக் கட்டிலருகிலும், மையித்து எடுக்கும் வேளையிலும் கைபேசிகள் உயர்கின்றன. எடுக்கலாமா என்று ஒருவரையும் ஒருவரும் கேட்பதில்லை. தவாஃப் சுற்றுவோரே கஅபாவுக்கு முதுகு காட்டித் தம் முகத்தைப் படமெடுத்துக்கொள்ளும் காட்சியையும் கண்டுவிட்டோம். அதே இடத்தில் சாதிக் பே கண்ணாடித் தகட்டைச் சுமந்து நின்றதை எண்ணிப் பார்க்கிறோம். அவருக்கு ஒவ்வொரு தகடும் விலைமதிப்புடையது. ஆதலால் ஒவ்வொரு பார்வையும் எண்ணித் துணிந்தது. பெரியவர்கள் அஞ்சுவது கேமராவை அன்று, இந்த எண்ணாமையை என்றே நாம் கருதுகிறோம். எண்ணாமைக்கு மருந்து தடையன்று, பயிற்சி. கேமராவை முறையாகக் கற்றவர் முதலில் கற்பது எப்போது எடுக்கலாகாது என்பதைத்தான். அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். ஒருவரின் அந்தரங்கத்தைப் பாடலாம், அவரைக் காட்டிக்கொடுக்கலாகாது என்னும் அந்த நாகரிகத்தைப் பாடநூலில் படித்துவிட்டு, வெளியே வந்து கைபேசியில் மீறுகிறோம். ஒளிப்பட மன்றம் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனை முன்னிட்டே.

மற்றொரு காரணமும் உண்டு, அது அவசரமானது. சாதிக் பே எடுத்த படங்களில் காணப்படும் மக்காவும் மதீனாவும் இன்று பெரும்பாலும் இல்லை. மதீனாப் பள்ளிவாசல் 1950களின் முற்பகுதியிலும், மக்கா ஹரம் 1955 முதலும் விரிவாக்கப்பட்டன; விரிவு பின்னரும் தொடர்ந்தது. பெருகிவரும் ஹாஜிகளுக்கு இடம் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஹரமை நோக்கி நின்ற உதுமானியர் காலத்து அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. அக்கால மக்கா எவ்வாறு இருந்தது என்று இன்று ஒருவர் கேட்டால், அந்தப் படைப்பொறியாளரின் தகடுகளையும், பெயர் நீக்கப்பட்ட அந்த மருத்துவரின் தகடுகளையும் முதலில் நாட வேண்டியிருக்கிறது.

நம் கடற்கரையிலும் இதுவே நிகழ்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்தூண் மண்டபங்களாக எழுந்த பழைய பள்ளிவாசல்கள் உள்ளன. தமிழகத்துச் சிற்பிகள் தாம் கற்ற முறையிலேயே தூணும் போதிகையும் செதுக்கி, உருவங்களை மட்டும் விலக்கி, பூவும் கொடியும் கோலமுமாக அமைத்த பணி அவை. இத்தகைய பழம்பள்ளிகள் பல, தொழுவோர் பெருகியதால் இடிக்கப்பட்டுக் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பப்பட்டுவிட்டன. இடிக்கும் முடிவு ஜமாஅத்துக்கு உரியது, நாம் தலையிடுவதற்கில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு மாணவரை உள்ளே விடுமாறு பெரியவர்களிடம் வேண்டுகிறோம். அவர் எடுக்கப்போவது கல்லும் தூணும் அரபுத்தமிழ்க் கல்வெட்டும் ஹவுளும் மட்டுமே. உருவப்படம் குறித்த ஐயம் அங்கே எழ வழியே இல்லை.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் தத்தம் ஊர்ப் பழம்பள்ளியையோ, மதரஸாவையோ, அடக்கத்தலத்து மீஸான் கற்களையோ பத்துப் படங்கள் எடுத்து வருக, நூறு வேண்டா. கல்வெட்டாயின் எற்பாட்டில் செல்க. சாய்ந்த ஒளியில் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். தூணாயின் துளையைச் சுருக்கி, கேமராவை அசையாத இடத்தில் வைத்து, நேரத்தைக் கூட்டுக. அருகில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் தனியே எடுக்க மறவற்க. கைபேசியே போதும். படியெடுத்துத் துறை நூலகத்தில் சேர்க்கும்போது ஒவ்வொரு தாளின் பின்புறமும் ஊர், தெரு, நாள், எந்தத் திசை நோக்கி எடுத்தது என்பவற்றை மென்மையான பென்சிலால் எழுதுக. மை ஊறி முன்புறம் தெரியும். அவற்றுக்குக் கீழே எடுத்தவர் பெயரையும் தவறாமல் எழுதுக.